உச்சிக்கு முந்திய முப்பது அடி

டர்ட் பைக் மண்மேட்டின் உச்சியை விட்டு எழும்பிவிட்டால், அது எவ்வளவு உயரம் போகும், எங்கே வந்து இறங்கும் என்பதெல்லாம் அந்த நொடியிலேயே முடிந்துபோன கணக்கு. நடுவானத்தில் ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் ஒரு அடி தூரம் கூடாது, பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் ஒரு அடி குறையாது. சக்கரம் பிடித்துத் தள்ள மண்ணே இல்லாதபோது எப்படிக் கூடும்? மேலே இருக்கும்போது நம் கையில் இருப்பது ஒன்றுதான்: வண்டியின் மூக்கு மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா என்பது. அதுவும் கொஞ்சம்தான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமெல்லாம் இப்போது எக்ஸ்பல்ஸ் (ரோட்டிலும் மண்ணிலும் ஓடுகிற ஹீரோ பைக்) வைத்திருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஏதாவது ஒரு பொட்டலில் கூடி, கிடைத்த மண்மேட்டில் ஏற்றிப் பார்க்கிறார்கள். செல்போனில் அவர்கள் பார்க்கிற வீடியோவில் வண்டி வானத்தில் நிற்கிற அரை நொடி தெரிகிறது, அதற்கு முந்திய முப்பது அடி ஓட்டம் தெரிவதில்லை. "மேலே போனதும் என்னண்ணே செய்யணும்?" என்றுதான் கேட்கிறார்கள். மேட்டுக்கு வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிற பிள்ளையை அரிதாகத்தான் பார்க்கிறேன்.

முதலில் வேகம். இருபது பாகை சாய்வுள்ள ஒரு மேட்டை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் விட்டால் வண்டி ஏறத்தாழ 8 மீட்டர் தாண்டும். அதே மேட்டில் 50 கிலோமீட்டர் வேகம் என்றால் பன்னிரண்டரை மீட்டர். வேகம் கால்வாசிதான் கூடியிருக்கிறது, தூரமோ பாதிக்கு மேல் கூடிவிட்டது. தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்று பிளஸ் ஒன் இயற்பியலில் எறிபொருள் பாடத்தில் எல்லாரும் படித்ததுதான். பரீட்சையோடு அதை மறந்துவிடுகிறோம். மண்மேட்டின் முன்னால் "இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பார்ப்போம்" என்று சொல்லும்போது அந்தக் 'கொஞ்சம்' எங்கே கொண்டுபோய் இறக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஒரு மேட்டைப் புதிதாகப் பார்த்தால் முதலில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பாருங்கள். ஏறும் பக்கம், உச்சி, இறங்கும் பக்கம் மூன்றையும் காலால் மிதித்துப் பார்க்க வேண்டும். உச்சியில் ஒரு சின்னப் பள்ளமோ பெயர்ந்த கல்லோ இருந்தால் ஓடி வரும்போது கண்ணுக்குத் தெரியாது.

நம் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிற ஈரமான கறுப்பு மண் இங்கே கிடையாது. இங்கே அடியில் செம்புராங்கல், மேலே சரளை. சித்திரை வைகாசியில் அந்தச் சரளை உதிர்ந்து, பாறை மாதிரி இறுகிய தரைமேல் குண்டுமணி குண்டுமணியாக உருளும். அதன்மேல் ஏறும்போது பின் சக்கரம் வழுக்கினால் உச்சிக்கு வருவதற்குள் வேகமும் போய்விடும், வண்டி ஒரு பக்கம் திரும்பியும் நிற்கும். கொஞ்சம் கோணலாக உச்சியை விட்ட வண்டி கோணலாகவேதான் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஊறிய செம்மண் டயரில் அப்பிக்கொண்டு பட்டன்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியெல்லாம் அடைத்துவிடும். தை, மாசிதான் இங்கே பொன்னான காலம். மேல்மண்ணில் விடியற்காலை ஈரம் இருக்கும், கீழே கெட்டியாக இருக்கும். தையில் சிராவயல் மஞ்சுவிரட்டு நாளன்று மட்டும் யாரும் வண்டியைத் தொடுவதில்லை, மொத்தக் கூட்டமும் அங்கேதான்.

சரி, இனி ஓட்டத்துக்கு வருவோம். மேட்டுக்கு வரும்போது சீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. கால் வைக்கிற ஃபுட்பெக்கில் எழுந்து நிற்க வேண்டும். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும், இரண்டு முழங்காலும் டேங்கை இறுக்கிப் பிடித்திருக்கட்டும், முழங்கை வெளிப்பக்கம் உயர்ந்திருக்கட்டும், தலை ஹேண்டில்பாருக்கு நேர்மேலே வரட்டும். பிடி காலில் இருக்க வேண்டும், கையில் இருக்கக் கூடாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். கையால் தொங்கிக்கொண்டு வருகிறவருக்கு மேட்டின் முகத்தில் வண்டி எழும்பும்போது உடம்பு பின்னால் போகும், உடம்போடு மணிக்கட்டும் பின்னால் போகும், ஆக்சிலேட்டர் தானாக முறுக்கிக்கொள்ளும், மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கும். கால் பிடித்திருந்தால் கை சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கைதான் ஆக்சிலேட்டரைச் சரியாக வைத்திருக்கும்.

ஆக்சிலேட்டர்தான் இதில் பாதி வித்தை. மேட்டின் அடியிலிருந்து உச்சி வரை ஒரே அளவு, அல்லது மிக மெல்லக் கூடிக்கொண்டே போகிற அளவு. அவ்வளவுதான். உச்சிக்கு ஒரு முழம் இருக்கும்போது பயந்துபோய் சட்டென்று விட்டுவிட்டால் எஞ்சின் பின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும், முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் அமுங்கும், வண்டி மூக்குக் குப்புற வானத்துக்குள் போகும். டர்ட் பைக் ஓட்டத்தில் ஆளை ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கிப் போடுகிற விழுகைகளில் பலவற்றுக்கு இதுதான் ஆரம்பம்.

என் தங்கச்சி மகள் ஓட்டப் பழகியபோது அவள் கை என்ன செய்கிறது என்பதை அவளுக்கே காட்ட வேண்டியிருந்தது. நான் சொன்னால் "விடவே இல்லை மாமா, அப்படியேதான் பிடிச்சிருந்தேன்" என்பாள். பொய் சொல்லவில்லை, அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. அப்புறம் எலக்ட்ரீஷியன் வைத்திருக்கிற வெள்ளை இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு கிழித்து ஆக்சிலேட்டர் கிரிப்பின் உள்விளிம்பில் ஒட்டினேன், அதற்கு நேராகச் சுழலாத பாகத்தில், சுவிட்சுப் பெட்டியின் ஓரத்தில், இன்னொரு துண்டு. ஆக்சிலேட்டர் மூடியிருந்தால் இரண்டு கோடும் ஒரே நேராக நிற்கும், முறுக்கினால் விலகும். மேட்டின் பக்கவாட்டில் போனை வைத்து மெதுவோட்டத்தில் படம் பிடித்தோம். அடியில் விரல்மொத்தம் விலகியிருந்த கோடுகள் உச்சிக்கு வரும்போது வந்து ஒட்டிக்கொள்வது பளிச்சென்று தெரிந்தது. இரண்டு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு முழுக்க மேட்டில் ஏறவே இல்லை, தட்டையான பொட்டலில் நின்றபடி கோடுகள் விலகியே இருக்கும்படி ஓட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் மேட்டில் கோடு ஒட்டவில்லை. ஒரு ரூபாய் பெறாத டேப். வண்டி வைத்திருக்கிற எல்லாரும் செய்துபார்க்கலாம்.

அடுத்தது ஷாக். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. மேட்டின் அடியில் வண்டி முட்டும்போது ஸ்பிரிங் அமுங்குகிறது. உச்சியை விடும் நேரத்தில் பாரம் நீங்கி அது விரிகிறது. விரிகிற வேகம் அளவோடு இருந்தால் வண்டி மட்டமாக எழும்பும். பின் ஷாக் ரொம்ப வேகமாக விரிந்தால் பின்பக்கத்தை எட்டி உதைத்துத் தூக்கிவிடும், ஓட்டுபவர் எல்லாம் சரியாகச் செய்திருந்தாலும் மூக்கு கீழே போகும். செக்காலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் ஒரு பையன் வண்டியைக் கொண்டுவந்து, "குதிச்சா முன்னாடி கவுறுது அண்ணே, ஸ்பிரிங்கை டைட்டா வைங்க" என்றான். அவர் சீட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கி விட்டார். வண்டி துள்ளிக்கொண்டு எழுந்தது. "ஸ்பிரிங்குல ஒண்ணும் இல்ல தம்பி, திரும்பி வர்ற வேகத்தைக் குறைக்கணும்" என்று சொல்லி ஷாக்கின் அடியில் இருந்த ரீபவுண்ட் ஸ்க்ரூவை வலப்பக்கமாக இரண்டு கிளிக் திருப்பினார். மறுபடி அமுக்கினார், இந்தத் தடவை நிதானமாக எழுந்தது. "இவ்வளவுதான். இன்னும் திருப்பினா அமுங்கினது அமுங்கினபடியே கிடக்கும், அதுவும் கெடுதல்." எல்லா வண்டியிலும் இந்த ஸ்க்ரூ இருக்காது. இருக்கிற வண்டியை வைத்துக்கொண்டு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் குதிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

இப்போது வானத்துக்கு வரலாம். மேலே போன பிறகு மூக்கைத் திருத்த இரண்டு கருவிகள் இருக்கின்றன, ஆக்சிலேட்டரும் பின் பிரேக்கும். பட்டறையில் சென்டர் ஸ்டாண்டில் நிற்கிற பைக்கை கியரில் போட்டு முறுக்கி, சுழல்கிற பின் சக்கரத்தைப் பிரேக் மிதித்து நிறுத்தும்போது முழு வண்டியும் ஒரு குலுக்குக் குலுக்கி முன்னால் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தில் இருந்த சுழற்சி எங்கேயும் காணாமல் போகாது, வண்டியின் உடம்புக்குள் இறங்குகிறது. கீழே ஸ்டாண்டு பிடித்துக்கொள்கிறது. வானத்தில் பிடிக்க எதுவும் இல்லாததால் வண்டியே முன்பக்கமாகக் குனிகிறது. அதனால் மூக்கு அதிகமாகத் தூக்கியிருந்தால் கிளட்சைப் பிடித்துக்கொண்டு பின் பிரேக்கை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். கிளட்ச் பிடிக்காமல் தட்டினால் எஞ்சின் அணைந்துபோகும், அணைந்த எஞ்சினோடு இறங்குவது தனிக் கஷ்டம். மூக்கு கீழே போனால் இதற்கு நேர்மாறு. ஆக்சிலேட்டரை முறுக்கினால் பின் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றும், அதற்கு எதிர்ப்பக்கமாக வண்டியின் உடம்பு திரும்பும், மூக்கு எழும்பும். கழுத்தளவு பயத்தில் நூற்றுக்கணக்கான ஓட்டுநர்களைக் காப்பாற்றியிருக்கிற முறுக்கு இது. ஆனால் பிரேக் குனிய வைக்கிற அளவுக்கு ஆக்சிலேட்டரால் நிமிர்த்த முடியாது. பிரேக் சுழற்சி முழுவதையும் ஒரே நொடியில் பிடுங்கிவிடும், எஞ்சினால் அந்த வேகத்தில் கொடுக்க முடியாது. ஏற்கெனவே சக்கரம் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் கொடுக்க மிச்சமும் இருக்காது. ஆகவே மூக்கைக் கொஞ்சம் தூக்கலாகவே வைத்து எழும்புவது நல்லது. தூக்கிய மூக்கை இறக்க வழி இருக்கிறது, குப்புறப் போனதை மீட்பது கடினம்.

பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டு மேட்டை உரசியபடி தாழ்வாகப் பறப்பதை அமெரிக்க மோட்டோகிராஸ் (மேடுபள்ள மண்தடப் பந்தயம்) வீரர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பிரபலமாக்கினார், ஸ்க்ரப் என்பார்கள். வானத்தில் இருக்கிற நேரத்தைக் குறைத்து சீக்கிரம் தரைக்கு வந்து மறுபடி முறுக்குவதற்கான பந்தய உத்தி அது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. மட்டமாகக் குதித்து மட்டமாக இறங்கத் தெரியாத பிள்ளைக்கு அது வேண்டாம்.

இறங்குவதில் ஒரே விதி: கீழே இருக்கிற தரையின் சாய்வும் வண்டியின் சாய்வும் ஒன்றாக இருக்கட்டும். சரிவில் இறங்கினால் மூக்கு சரிவைப் பார்க்கட்டும், இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தொடட்டும். தட்டையில் இறங்க நேர்ந்தால் பின் சக்கரம் ஒரு இமைப்பொழுது முந்தட்டும். தொடும்போது ஆக்சிலேட்டர் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். அப்போது சக்கரம் வண்டியை முன்னே இழுத்துக்கொண்டு போகும், முன் ஃபோர்க்கில் பாரம் குவியாது. முழங்கால் விறைத்திருந்தால் அடி முதுகெலும்புக்குப் போகும். கண் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, இறங்கியபின் போகப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும்.

வண்டியின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்பல்ஸ் 200 முன்னால் 190 மில்லிமீட்டரும் பின்னால் 170 மில்லிமீட்டரும் அமுங்கும், எடை 150 கிலோவுக்கு மேல். நீளமான ஷாக் உள்ள ராலி கிட் போட்டால் 250, 220 என்று கூடும். அசல் மோட்டோகிராஸ் வண்டி 110 கிலோவை ஒட்டியே இருக்கும், முன்னும் பின்னும் 300 மில்லிமீட்டர் அமுங்கும். இரண்டையும் ஒரே மேட்டில் ஒரே மாதிரி குதிக்க வைக்கக் கூடாது. ரோட்டு பைக்கில் குதிக்கவே வேண்டாம். ஊரில் ஆர்எக்ஸ் 100-ஐ வைத்துக் குதிக்கிறவர்களையும் பார்க்கிறேன், அவ்வளவு அருமையான வண்டியின் சேசிஸை ஏன் இப்படி வதைக்கிறார்கள் என்று மனசு பதறுகிறது.

ஹெல்மெட், காகிள்ஸ், மார்புக்கவசம், முழங்கால் கவசம், கணுக்காலுக்கு மேல் ஏறுகிற கெட்டி பூட்ஸ், கையுறை. செருப்புக் காலோடு வருகிறவரை நாங்கள் மேட்டுப் பக்கம் விடுவதில்லை. 2015-இல் பாலைவனப் பந்தயமான டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர் சி.எஸ்.சந்தோஷ், 2021 டக்காரில் விழுந்து மருத்துவர்கள் அவரைச் செயற்கை மயக்கத்தில் வைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு அனுபவமும் அத்தனை கவசமும் இருந்த ஒருவருக்கு அப்படி. ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா தேசிய சூப்பர்கிராஸில் பட்டம் வென்று பழகிய பிறகே பாலைவனத்துக்குப் போனார், 2024 டக்காரில் ராலி 2 பிரிவில் முதலிடம் வந்தார். நம் பிள்ளைகள் அவரைக் கொண்டாடுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பட்டங்களுக்குப் பின்னால் இருக்கிற பயிற்சி வருஷங்களையும் சேர்த்துக் கொண்டாடினால் இன்னும் பிடிக்கும்.

கண்மாய்க்கரை விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கரையின் சரிவு பார்ப்பதற்கு யாரோ நமக்காகவே கட்டிவைத்த ரேம்ப் மாதிரி இருக்கும், அதனால்தான் எல்லாரும் அங்கே போகிறார்கள். ஆனால் ஒரே இடத்தில் டயர் ஏறி ஏறி இறங்கினால் புல் போகும், மண் இளகும், வாய்க்கால் மாதிரி ஒரு தடம் விழும். ஐப்பசி மழையில் தண்ணீர் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு கரையை அரிக்கும். கரை உடைந்தால் கீழே இருக்கிற வயல் அத்தனையும் போச்சு. வானம் பார்த்த பூமி இது, அந்த ஒரு கண்மாய்த் தண்ணீரை நம்பித்தான் ஒரு போகம் விளைகிறது. எங்களைப் பார்த்து ஊர்ப் பெரியவர் ஒருவர் கரையடியில் நின்று, "ஏப்பா, உங்க விளையாட்டுக்கு எங்க கரைதானா கெடைச்சுச்சு?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவர் கேட்டது நியாயம். கரையில் ஏறுகிற யாரையும் எங்கள் கூட்டத்தில் இனிச் சேர்ப்பதில்லை என்று அன்றைக்கே பேசி முடித்தோம்.

அதற்குப் பதிலாகச் சொந்தக்காரர் ஒருவருடைய தரிசு நிலத்தில் அனுமதி கேட்டு நாங்களே ஒரு டேபிள்டாப் கட்டினோம். ஏறும் சரிவு, நடுவில் தட்டையான மேடை, இறங்கும் சரிவு. பழகுகிறவர்களுக்கு இதுதான் சரி. இரண்டு மேட்டுக்கு நடுவே பள்ளம் விடுகிற டபுளில் தூரம் குறைந்தால் எதிர்மேட்டின் முகத்தில் போய் மோதுவோம், டேபிள்டாப்பில் குறைந்தால் மேடைமேல்தான் இறங்குவோம். உயரம் மூன்று அடி, ஏறும் சரிவின் நீளம் எட்டு அடி, மேடை பத்து அடி, இறங்கும் சரிவு பதினைந்து அடி. காற்றும் ஷாக்கும் செய்கிற வித்தியாசத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், 25 கிலோமீட்டர் வேகத்தில் மேடையைத் தாண்டிச் சரிவின் தொடக்கத்தைத் தொடலாம், 30-இல் சரிவின் நடுவைக் கொஞ்சம் தாண்டி இறங்குவோம், 35-இல் சரிவையே தாண்டித் தட்டையில் விழுவோம். அதாவது இரண்டாவது கியரிலேயே முடிகிற வேலை. ஜேசிபி வைத்து மண்ணைக் குவித்துவிடலாம், இறுக்குவதுதான் பாடு. வெறும் சரளையில் கட்டினால் உச்சி ஒரே வாரத்தில் உதிர்ந்துபோகும். அனுமதி வாங்கி எடுத்த கரம்பை மண்ணை, அதாவது கண்மாய் அடியில் படிகிற வண்டலை, சரளையோடு கலந்து, அரை அடி அரை அடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து இறுக்கி, கடைசியில் சாக்குப் போட்டு மூடி ராத்திரி முழுக்க ஊற விட்டோம். காலையில் உச்சியைக் குதிகாலால் உதைத்தால் கால்தான் வலித்தது.

வண்டியைக் கொண்டுபோவதும் குட்டி யானையில்தான். மோட்டோகிராஸ் வண்டிக்கு நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டில் ஓட்டக் கூடாது. பதிவுள்ள எக்ஸ்பல்ஸ்காரர்கள் ஓட்டிக்கொண்டே வரலாம். வந்ததும் டயர் காற்றைக் குறைத்துக்கொள்கிறோம், திரும்பும்போது மறக்காமல் நிரப்ப ஒரு கைப்பம்பு வண்டியிலேயே கிடக்கிறது.

தங்கச்சி மகள் இப்போது டபுள் வேண்டும் என்று கேட்கிறாள். கட்டப்போவதில்லை. தை பிறந்ததும் மேடையைப் பத்திலிருந்து பதினைந்து அடியாக நீட்டி, இறங்கும் சரிவையும் தள்ளிக் கட்டுவதாகத் திட்டம். அதைத் தாண்டக் குறைந்தது 30 கிலோமீட்டர் வேகம் வேண்டும். கரம்பை மண்ணுக்கு இப்போதே மனு எழுதியாயிற்று. நல்ல ஹெல்மெட்டும் பூட்ஸும் இருக்கிற யாரும் மண் இறுக்க வரலாம். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துவிடுவோம், ஒன்பதுக்கு மேல் வெயில் விடாது.